ஒரு செம்பருத்தி, இரண்டு சிவப்பு: வாட்டர் கலரில் பூ வரையத் தொடங்குபவர்களுக்கு

நான் வாட்டர் கலரில் வரைந்த முதல் பூ, எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் பூத்த ஒற்றை அடுக்குச் செம்பருத்தி. பெட்டியில் இருந்த சிவப்பை எடுத்து ஐந்து இதழ்களையும் நிரப்பினேன். நிழல் வேண்டுமே என்று ஓரங்களில் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்தேன். இலைக்குப் பெட்டியில் இருந்த பச்சை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெருமையாகக் கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "ஏன்டி, பிளாஸ்டிக் பூவை வச்சு வரைஞ்சியா?" என்றார்.

கோபம் வந்தது. ஆனாலும் தாளைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடிக்குப் போய்ப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். வெயில் ஊடுருவிய இதழ் கிட்டத்தட்ட ஆரஞ்சாக இருந்தது. அதற்குக் கீழே மடிந்து நிழலில் கிடந்த இதழில் நீலம் கலந்த கருஞ்சிவப்பு. ஓர் இதழின் வளைவில் வானத்தின் வெளிச்சம் விழுந்து, அந்த இடம் வெளிறிய இளஞ்சிவப்பாக, சாம்பல் பூசினதுபோல் இருந்தது. தொண்டைப் பகுதியில் திராட்சைச் சாற்றின் நிறம். நான் பூசிய அந்தப் பெட்டிச் சிவப்பு பூவில் எங்கேயுமே இல்லை. செம்பருத்தி சிவப்பு என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அந்த மனப்பாடத்தைத்தான் நான் வரைந்திருந்தேன்.

இந்தக் கட்டுரை பிரஷ் பிடித்தே பழக்கமில்லாதவர்களுக்கு. ஒரே ஒரு பூவை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகலாம். பூ அதே செம்பருத்திதான். எல்லாத் தெருவிலும் இருக்கிறது, யாரிடமும் கேட்டு வாங்கலாம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் செவ்வரத்தை என்று வாசிக்கவும்.

கடைக்குப் போகும் முன்

முதல் தவறு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. முப்பத்தாறு நிறம் உள்ள பெட்டியை வாங்கிவிட்டு, காகிதத்துக்கு ஸ்கூல் டிராயிங் நோட்டை எடுத்துக்கொள்வார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். காசைக் காகிதத்தில் போடுங்கள்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), கோல்டு பிரஸ் (மேற்பரப்பு லேசாகச் சொரசொரக்கும் வகை), முடிந்தால் நூறு சதவீதப் பருத்தி. மெல்லிய தாளில் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். நிறம் பள்ளத்தில் ஓடித் தேங்கும். மரக்கூழ்த் தாளில் நிறம் சட்டென்று காய்ந்து ஓரம் கட்டிவிடும். இரண்டு முறை தேய்த்தால் திரித்திரியாக உரியும். பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். பூவிதழ் வரைய அந்த நேரம்தான் வேண்டும். விலை கூடுதல்தான். அதனால் ஒரு பெரிய ஷீட் வாங்கி எட்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை வைத்து மடித்துக் கிழித்தால் போதும், கத்தரிக்கோல் வேண்டாம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் காகிதங்களில் நிறம் உடனே உள்ளே இறங்கிவிடாமல் இருக்க ஜெலட்டின் போன்ற ஒரு பசையை ஏற்றியிருப்பார்கள். மழைக்காலத்தில் அலமாரியில் அப்படியே போட்டு வைத்தால் ஈரமும் பூஞ்சையும் அந்தப் பசையைத் தின்றுவிடும். அப்புறம் நிறம் வைத்த இடத்தில் மை ஒற்றும் தாள்போல உறிஞ்சிப் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒரு ஐப்பசியில் நான் இப்படி நான்கு ஷீட்டைப் பறிகொடுத்தேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடி வைத்தால் பிரச்சினை இல்லை.

நிறத்துக்கு ஆறு டியூப் போதும். லெமன் எல்லோ. ஆரஞ்சுச் சாயல் உள்ள ஒரு சிவப்பு, அதாவது ஸ்கார்லெட். ஊதாச் சாயல் உள்ள ஒரு சிவப்பு, அதாவது ரோஸ். அல்ட்ராமரின் நீலம். தாலோ நீலம். செங்கல் நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா. டியூபின் பக்கவாட்டில் பொடியெழுத்தில் ஒரு குறியெண் இருக்கும். பெயரை நம்பாமல் அதைப் பாருங்கள். "ரோஸ்" என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் அடைத்து விற்கலாம். பி.வி. 19 என்று போட்டிருந்தால் அது குவினாக்ரிடோன் ரோஸ், நிறம் நிற்கும். ஸ்கார்லெட்டுக்கு பி.ஆர். 255, அல்ட்ராமரினுக்கு பி.பி. 29, தாலோவுக்கு பி.பி. 15. மூன்று நான்கு எண்கள் சேர்ந்து இருந்தால் அது ஏற்கெனவே கலந்த நிறம். நாம் வேறு அதில் கலந்தால் சேறாகும்.

கறுப்பும் வெள்ளையும் செட்டில் சேர்ந்தே வரும். இரண்டையும் மேசை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள். கறுப்பு என்ன செய்யும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். வெள்ளைக்குத் தாள் இருக்கிறது.

பிரஷ் இரண்டு: ரவுண்டு 8, ரவுண்டு 4. கடைக்காரரிடம் ஒரு கிண்ணம் தண்ணீர் கேளுங்கள். புது பிரஷ்ஷில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். அது கரையும்வரை நனைத்து, ஒரு உதறு உதறுங்கள். முடி தானாக ஒரு நுனியில் கூட வேண்டும். இரண்டாகப் பிரிந்து நின்றால் வேறு எடுங்கள். நிறம் கலக்கும் பேலட்டுக்கு வீட்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டு. தண்ணீருக்கு இரண்டு குவளை, ஒன்று கழுவ, ஒன்று சுத்தத் தண்ணீருக்கு. பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று. டிஷ்யூவைவிட அது நன்றாக உறிஞ்சும்.

எப்போது, எங்கே உட்காருவது

செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் விரியும், மாலைக்குள் சுருளத் தொடங்கும், மறுநாள் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு உதிரும். ஆகவே "நாளைக்கு மிச்சத்தை முடிக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஏழரை மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். வெயில் சாய்வாக ஒரு பக்கத்திலிருந்து வரும். இதழ்களில் வெளிச்சமும் நிழலும் தெளிவாகப் பிரியும். பத்து மணிக்கு மேல் வெயில் உச்சியை நோக்கி ஏறினால் அந்தப் பிரிவு போய்விடும், உங்கள் பொறுமையும் போய்விடும்.

பூ வெயிலில் இருக்கலாம், தாள் நிழலில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் நேர் வெயில் பட்டால் கண் கூசி, நிறத்தை எல்லாம் தேவைக்கு மேல் கனமாகப் பூசிவிடுவோம். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருட்டாக இருக்கும். குடை பிடிப்பதென்றால் கறுப்புக் குடை. நான் ஒருமுறை நீலக் குடைக்கடியில் உட்கார்ந்து வரைந்தேன். தாள் முழுக்க நீலச் சாயல் விழுந்ததைக் கண் பழகிக்கொண்டு கண்டுகொள்ளவே இல்லை. அதை ஈடுகட்டக் கையே தானாக மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

பூவைப் பறித்துக் குவளையில் வைத்தும் வரையலாம், தப்பில்லை. ஆனால் செடியிலேயே இருக்கும்போதுதான் பூ சாய்ந்து நிற்கும் விதமும், பின்னால் இலைகளின் இருட்டும், இதழ்மேல் இன்னொரு இலையின் நிழலும் கிடைக்கும். முதல் படத்துக்கு ஃபோனில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரையாதீர்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அடர்சிவப்புப் பூக்களை ஃபோன் கேமரா சரியாகப் பிடிக்காது. சிவப்பு அளவுக்கு மீறி ஏறி, மடிப்பும் நரம்பும் அழிந்து ஒரே பட்டையாகத் தெரியும். சித்தி சொன்ன பிளாஸ்டிக் பூ அங்கேயே தயாராகிவிடும்.

முதல் பதினைந்து நிமிடம்

பிரஷ்ஷைத் தொடாதீர்கள். ஒரு பழைய நோட்டில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே பூவைப் பாருங்கள். செம்பருத்தியில் கவனிக்க நிறைய இருக்கிறது.

ஐந்து இதழ்கள். ஒவ்வொரு இதழும் ஒரு பக்கத்து இதழின் மேல் ஏறி, மறுபக்கத்து இதழுக்கு அடியில் போயிருக்கும். சுற்றிலும் இப்படியே, காற்றாடி மாதிரி. முழுக்க மேலே இருக்கும் இதழ் என்றோ, முழுக்க அடியில் இருக்கும் இதழ் என்றோ கிடையாது. இதைக் கவனிக்காமல் ஐந்து இதழ்களைத் தனித்தனியாக ஒட்டவைத்தால் பூ முறுக்கில்லாமல் தட்டையாகும். பக்கத்தில் ஒரு மொட்டு இருந்தால் அதையும் பாருங்கள். அந்த முறுக்கு அப்படியே சுருட்டிவைத்த நிலையில் தெரியும்.

நடுவிலிருந்து நீளமாக ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேற்பாதியில் மஞ்சள் மகரந்தப் பைகள் சின்னச் சின்னக் காம்புகளில் நிற்கும். நுனியில் அது ஐந்தாகப் பிரியும்; ஒவ்வொன்றின் முடிவிலும் வெல்வெட் பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. ஸ்கூலில் தாவரவியல் வகுப்பில் இந்தப் பூவைப் பிளேடால் அறுத்தவர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும். அன்றைக்கு மார்க்குக்காகப் பார்த்தோம். இன்றைக்கு வேறு காரணத்துக்கு.

இப்போது கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள்தான் தெரியும். அந்த மூன்றையும் நோட்டில் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் கறுப்பு வெள்ளையில் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். அரைமணியில் நிழல் இடம் மாறிவிடும். அப்போது பூவைப் பார்த்துப் பார்த்து நிழலைத் துரத்தாமல் இந்தக் குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

பென்சில் வேலை

ஹெச்பி பென்சில் போதும், அழுத்தாமல். பூவின் நிஜ அளவிலேயே வரையுங்கள்.

முதலில் இதழை வரையாதீர்கள், ஒரு கோடு வரையுங்கள். காம்பிலிருந்து பூவின் நடு வழியாக மகரந்தத் தண்டின் நுனி வரைக்கும் போகும் கோடு. தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான்: பூ ஒரு பக்கம் பார்க்கும், தண்டு வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், காம்பு மூன்றாவது இடத்திலிருந்து வரும். கழுத்து சுளுக்கின பூ. மூன்றும் ஒரே அச்சில் இருந்தால் மற்ற குறைகளைக் கண் மன்னித்துவிடும்.

அப்புறம் பூவின் வாயை ஒரு வட்டமாகப் போடுங்கள். பூ நம்மை நேராகப் பார்த்தால் வட்டம். சாய்ந்திருந்தால் முட்டை வடிவம். அதற்குள் ஐந்து இதழ் நுனிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நடுத்தொண்டைக்குக் கோடு இழுங்கள். நம்மை நோக்கி வரும் இதழ் குட்டையாகத் தெரியும். அதை அப்படியே குட்டையாகப் போடும் தைரியம் வேண்டும். "இதழ் எல்லாம் ஒரே நீளம்தானே" என்று மூளை சொல்லும், கேட்காதீர்கள்.

நிறம் கலப்பது

தட்டில் இரண்டு சிவப்பையும் தனித்தனி மூலையில் பிதுக்குங்கள், பட்டாணி அளவு. ஒரு துண்டுத் தாளில் பூசிப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். நேராகப் படத்தில் வைக்காதீர்கள்.

வெயில் இதழுக்கு ஸ்கார்லெட்டில் ஒரு துளி மஞ்சள். நிழல் இதழுக்கு ரோஸில் கொஞ்சம் அல்ட்ராமரின். தொண்டைக்கு ரோஸும் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும், தண்ணீர் குறைவாக, மோர்ப் பதத்திலிருந்து தயிர்ப் பதத்துக்கு வரட்டும். வானம் பிரதிபலிக்கும் இடத்துக்கு ரோஸை நிறையத் தண்ணீரில் கரைத்து நீலத்தைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி. பார்த்தீர்களா, பெயரளவில் எல்லாமே சிவப்பு, டியூப் இரண்டுதான். ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நிழலுக்கு.

வாட்டர் கலர் காய்ந்ததும் ஒரு படி வெளிறிவிடும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்தபின் சோகையாக இருக்கும். கொஞ்சம் கூடிவிட்டதோ என்று பயப்படும் அளவுக்குப் பூசுங்கள், சரியாக வரும்.

இதழுக்கு இதழ்

இனிமேல்தான் உண்மையான வேலை. ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு இதழ்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து இதழ்களை ஈரமாக வைத்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து எல்லை போய்விடும்.

8-ஆம் நம்பர் பிரஷ்ஷால் ஓர் இதழுக்குள் மட்டும் சுத்தத் தண்ணீரைப் பூசுங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. வானம் பிரதிபலிக்கும் அந்த வெளிறிய இடத்தில் ஒரு சின்னத் தீவை உலர்ந்ததாகவே விட்டுவிடுங்கள். தாளைச் சாய்த்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர் மாதிரி பளபளத்தால் ஈரம் அதிகம், காத்திருக்கணும். எண்ணெய் தேய்த்துத் துடைத்த தோல் மாதிரி மெல்லிய மினுமினுப்பு வரும் பாருங்கள், அதுதான் நேரம்.

வெளி ஓரத்தில் ஸ்கார்லெட் கலவையைத் தொடுங்கள். தேய்க்கக் கூடாது, தொட்டால் போதும். அது தானாகப் பரவும். தொண்டைப் பக்கத்திலிருந்து ரோஸ் கலவையைத் தொடுங்கள். தாளைத் தொண்டையிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லச் சாய்த்தால் இரண்டும் நடுவழியில் சந்திக்கும். அந்தச் சந்திப்பில் உருவாகும் நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது கண்முன் நடக்கும்போது கை துறுதுறுக்கும், சும்மா இருக்காது, "இன்னும் கொஞ்சம்" என்று போகும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி காய்ந்த இடத்தில் ஈர பிரஷ்ஷை வைத்தால் என்ன ஆகும்? புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டே போய் விளிம்பில் குவிக்கும். காலிஃப்ளவர் மாதிரி நெளிநெளியாக ஒரு கறை நிற்கும். வரைபவர்கள் அதைக் காலிஃப்ளவர் என்றேதான் சொல்கிறார்கள். வந்துவிட்டால் பதறித் துடைக்காதீர்கள், துடைத்தால் இன்னும் பெரிதாகும். முழுக்கக் காயவிட்டு அதன்மேல் அடுத்த பூச்சில் ஒரு மடிப்பாக மாற்றிவிடலாம். என் படங்களில் அழகான மடிப்புகள் என்று பாராட்டு வாங்கியவற்றில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

காய்ந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்காதீர்கள், எண்ணெய்ப்பசை ஒட்டும். புறங்கையை லேசாக வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஐந்து நிமிடத்தில் காயும். கார்த்திகையில் ஒரு இதழைப் பூசிவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

ஐந்து இதழ்களும் முதல் பூச்சு முடிந்து காய்ந்த பிறகு இரண்டாம் பூச்சு. இது ஈரமில்லாத தாளில். ஓர் இதழ் இன்னொன்றின்மேல் ஏறும் இடத்தில், அடியில் இருக்கும் இதழின் ஓரமாக நிழல் கலவையைக் கோடாக இழுத்து, அதன் ஒரு பக்கத்தை மட்டும் ஈர பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல். இந்த ஒரு காரியத்தில் இதழ் தாளைவிட்டு எழும்பும். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

நரம்புகள் தொண்டையிலிருந்து விசிறி மாதிரி விரியும். எல்லாவற்றையும் வரையாதீர்கள், ஓர் இதழுக்கு நான்கைந்து போதும், அதுவும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில். 4-ஆம் நம்பர் பிரஷ்ஷின் நுனியால் தொண்டையிலிருந்து தொடங்கி, விளிம்பை நெருங்கும்போது பிரஷ்ஷை மெல்லத் தூக்குங்கள். கோடு தானாக மறையும். கடைசியாகத் தொண்டைக்குத் தயிர்ப் பதக் கலவை. நடுவில் அடர்த்தி, வெளியே வரவர இதழுக்குள் கரையட்டும்.

மகரந்தத் தண்டை இதழோடு சேர்த்துப் பூசியிருக்கக் கூடாது, அதை வெள்ளையாகவே விட்டிருக்க வேண்டும். முன்பே சொல்லாமல் விட்டேனே என்று திட்டாதீர்கள். முதல் படத்தில் எல்லோரும் பூசித்தான் விடுகிறார்கள். நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் நான்கைந்து முறை தேய்த்துத் துணியால் ஒற்றினால் ஓரளவு வெளுக்கும். தண்டுக்கு மெல்லிய ரோஸ், ஒரு பக்கம் மட்டும் நிழல். மகரந்தத்துக்கு லெமன் எல்லோவைக் கெட்டியாக எடுத்துப் புள்ளிகளாக வையுங்கள்; சில புள்ளிகளுக்கு அடியில் பர்ன்ட் சியன்னாவால் ஒரு நிழல் புள்ளி. நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு. இந்த இடத்தில் ஸ்கார்லெட்டை அப்படியே டியூபிலிருந்து வைக்கலாம், அனுமதி உண்டு.

இலையும், இலைக்குப் பின்னால் இருப்பதும்

பெட்டிப் பச்சையை அப்படியே பூசினால் பெயிண்ட் அடித்த கேட் மாதிரி இருக்கும். தாலோ நீலமும் லெமன் எல்லோவும் கலந்து, அதில் பூவுக்குக் கலந்த சிவப்பின் மிச்சத்தைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். பச்சையின் கூச்சல் அடங்கும். பூவின் நிறம் இலையிலும் இருப்பதால் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் நிற்பதுபோல் தெரியும். செம்பருத்தி இலை பளபளப்பானது. வானத்தைப் பார்க்கும் இலையில் ஒரு வெளிர்நீலப் பட்டை இருக்கும். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இலை கிட்டத்தட்ட எலுமிச்சை நிறம். இலை எல்லாம் ஒரே பச்சை என்பதும் இன்னொரு மனப்பாடம்தான்.

பின்னால் என்ன செய்வது? இதற்கு இரண்டு பழைய வழிகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தாவரங்களைத் தொகுத்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். வெற்றுத் தாளின் நடுவில் செடி மட்டும், காம்பு, இலை, வெட்டிய பூவின் உள்பாகம் என்று ஒரு நரம்பு தப்பாமல் இருக்கும். கோவிந்துவின் பெயரையே வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வைத்தார்: கோவிந்தூயா. பின்னாளில் தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை வேறொன்றுக்குள் சேர்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

மற்றொரு வழி மரியான் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணியுடையது. உலகம் சுற்றி வந்தவர். 1870-களில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து வரைந்திருக்கிறார். அவர் பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் வைக்கவில்லை. பூ, அதன் கொடி, பின்னால் மலை, ஆறு, எல்லாம் சேர்த்து ஆயில் பெயிண்ட்டில் தீட்டினார். தன் படங்களுக்காகத் தன் செலவிலேயே லண்டன் கியூ தோட்டத்தில் ஒரு கட்டடம் எழுப்பிக் கொடுத்தார். 1882-இல் திறந்த அந்தக் காலரியில் 800-க்கும் மேற்பட்ட படங்கள் சுவரே தெரியாமல் நெருக்கி மாட்டியிருக்கின்றன.

தாவரத்தை அடையாளம் காட்ட வேண்டுமென்றால் முதல் வழி. அந்தக் காலை, அந்த வெயில், அந்த மாடி வேண்டுமென்றால் இரண்டாவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் தொடக்கத்தில் முழுப் பின்னணியும் போட்டால் பூ அதற்குள் முங்கிவிடும். நடுவழி ஒன்று உண்டு. பூவின் வெயில்பட்ட ஓரத்துக்குப் பின்னால் மட்டும் இருட்டான பச்சையை வையுங்கள்: தாலோ, பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் ரோஸ். இதழின் விளிம்பைக் கோடாக வரையாமல், பின்னிருட்டே அந்த விளிம்பை வெட்டிக் காட்டட்டும். நிழல் பக்கத்தில் பின்னணியை வெறும் தண்ணீரால் கரைத்து வெள்ளைத் தாளுக்குள் விட்டுவிடுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் இருட்டுப் பச்சை வந்ததும் பூ எரியத் தொடங்கும். பூவில் ஒரு துளியும் கூட்டியிருக்க மாட்டீர்கள்.

வேறு நிறப் பூக்கள்

மஞ்சள் அரளி, ஆவாரம்பூ மாதிரி மஞ்சளுக்கு நிழலாகக் கறுப்பைச் சேர்த்தால் பச்சை ஆகிவிடும். பர்ன்ட் சியன்னாவோ, ஒரு துளி ரோஸோ சேருங்கள். நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூவுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த மிக மெல்லிய சாம்பல் நிழல், பின்னால் இலையிருட்டு. பூவை வரையவே வேண்டியதில்லை, சுற்றியுள்ளதை வரைந்தால் பூ மிஞ்சும்.

பத்துச் செம்பருத்தி ஆனபிறகு கைக்குச் சவால் வேண்டுமென்றால் செங்காந்தள். மாநில மலர் என்பதற்காகச் சொல்லவில்லை. அது விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் மஞ்சளோடு சிவப்பு. கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஆறு இதழ்கள், ஓரமெல்லாம் நெளிந்து, தீச்சுடர் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். சூல்தண்டு அடியில் சட்டென்று மடங்கிப் பக்கவாட்டில் போகும். இலை நுனியே பற்றுக்கம்பியாகி வேலியைச் சுற்றியிருக்கும். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் வேலியோரங்களில் தேடுங்கள். கார்த்திகைப்பூ என்ற பெயரே அதனால்தான். கிழங்கு கடும் விஷம். தொட்டால் கையைக் கழுவுங்கள். பிரஷ்ஷின் நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் இருந்தால், எந்தப் பூவை வரைந்தாலும் சரி, இன்றோடு விடுங்கள்.

படம் வெளுக்காமல் இருக்க

அரளிக்கு ஒரு முறை கண்ணைப் பறிக்கும் ஒளிர்பிங்க் ஒன்றை வாங்கிப் பூசி, சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். இரண்டு கோடை போனதும் இலைகள் மட்டும் அப்படியே இருந்தன. பூக்கள் பழைய ரசீது மாதிரி வெளுத்துவிட்டன. ஒளிரும் பிங்க் வகைகளில் சேர்க்கும் சாயம் வெயிலுக்குத் தாங்காது. பழைய அலிசரின் கிரிம்சனும், அதாவது பி.ஆர். 83, அப்படித்தான்.

எனக்குத் துணைக்குப் பெரிய ஆளே இருக்கிறார். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1890-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்ஸின் சான் ரெமி மனநலக் காப்பகத்தை விட்டுக் கிளம்பும் முன் ரோஜாக்கொத்துகளை வரைந்தார். ஒன்று இப்போது நியூயார்க்கிலும் மற்றொன்று வாஷிங்டனிலும் இருக்கின்றன. பார்ப்பவர்கள் வெள்ளை ரோஜா என்று நினைப்பார்கள். அவர் வரைந்தது பிங்க் ரோஜா. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் கரைந்துபோனது.

ஆகவே புது டியூப் வாங்கியதும் ஒரு பட்டைத் தாளில் பூசி, பாதியை அட்டையால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த டியூபைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் தேதி, நேரம், எந்த எந்த டியூப் என்று எழுதி வையுங்கள். சொதப்பியவற்றையும் கிழித்துப் போடாதீர்கள். நல்ல காகிதம், பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது. என் பிளாஸ்டிக் பூவின் முதுகில்தான் இப்போதும் சிவப்புகளைக் கலந்து பார்க்கிறேன். அங்கே இன்னும் ஒரு உள்ளங்கை அளவு இடம் பாக்கி இருக்கிறது.